ஹாட்லோ, 2019: இங்கிலாந்தில் முதன்முதலாகத் திவால் நடைமுறைக்குள் போன கல்லூரி

2019 மே 22 அன்று, கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் நகருக்கு அருகிலுள்ள ஹாட்லோ கல்லூரியை நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளிடம் ஒப்படைக்கும் உத்தரவு பிறந்தது. இங்கிலாந்தின் தொடர்கல்விக் கல்லூரி ஒன்று இப்படித் திவால் நடைமுறைக்குள் போனது அதுவே முதல் முறை. மூன்று மாதத்துக்குள் அதன் துணைக் கல்லூரியும் அதே வழியில் போனது. அரசுப் பணம் கல்லூரிக்கு எப்படி வருகிறது, அதை யார் கண்காணிக்கிறார்கள், அந்தக் கண்காணிப்பில் எங்கே ஓட்டை இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு நிகழ்வில் விடை இருக்கிறது. அப்போது பொறுப்பிலிருந்த தனிமனிதர்களின் மீதான வழக்குகளையும் குற்றச்சாட்டுகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதே பேச்சு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் நிதி ஏற்பாடுகள் வேறு. இது இங்கிலாந்தை மட்டும் பற்றியது.

பின்னணி: கல்லூரியும் அதன் பணமும்

தொடர்கல்விக் கல்லூரி என்பது பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நிற்பது. நம் ஊர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், முதியோர் கல்வி மையம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் ஓரளவு அதன் சாயல் கிடைக்கும். பதினாறு வயதில் பள்ளியை விட்ட பையன் குழாய் வேலை கற்பான். முப்பது வயதுப் பெண் முதியோர் பராமரிப்புக்குச் சான்றிதழ் வாங்குவாள். புதிதாக நாட்டுக்கு வந்தவர் ஆங்கிலம் படிப்பார். இலங்கையிலிருந்து புகலிடம் தேடி லண்டன் வந்த எத்தனையோ தமிழர்கள் முதலில் உட்கார்ந்த வகுப்பறை இத்தகைய கல்லூரியினுடையதுதான். ஹாட்லோ 1968-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி. கால்நடை, தோட்டக்கலை, குதிரைப் பராமரிப்பு போன்றவை அங்கே பாடங்கள். வளாகத்திலேயே பண்ணையும் விலங்குகளும் உண்டு.

1993 ஏப்ரல் 1 வரை இவை உள்ளூராட்சியின் கையில் இருந்தன. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தனித்தனிச் சட்டபூர்வ நிறுவனங்களாக்கியது. கட்டடம், நிலம், ஊழியர், கடன் எல்லாம் கல்லூரியின் சொந்தப் பொறுப்பு. மேலே ஓர் ஆட்சிக் குழு. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்: உள்ளூர்த் தொழில்முனைவோர், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஊழியர்களும் மாணவர்களும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அப்போது கல்லூரி தானாகவே வங்கியில் கடன் வாங்கலாம், நிலத்தை விற்கலாம், புதுத் தொழிலில் இறங்கலாம். ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்துதான் வருகிறது. செலவழிக்கும் சுதந்திரம் ஒரு கையிலும் வரவின் கயிறு வேறொரு கையிலும் இருந்தன.

அந்த வரவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தேசிய விகிதம் உண்டு. எத்தனை பேர் படிப்பை முடிக்கும்வரை தங்குகிறார்கள், பாடம் எவ்வளவு செலவு பிடிப்பது, மாணவர்கள் எந்த அளவு ஏழ்மையான பகுதியிலிருந்து வருகிறார்கள் என்பவற்றைப் பொறுத்து அந்தத் தொகை ஏறி இறங்கும். மாடும் டிராக்டரும் வேண்டிய வேளாண் படிப்புக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள். இந்த ஆண்டுப் பணம் போன ஆண்டின் மாணவர் எண்ணிக்கையை வைத்து வருகிறது. சேர்க்கை நூறு பேர் குறைந்தால் இந்த ஆண்டு ஒன்றும் தெரியாது. அடுத்த ஆண்டு, தலைக்கு 4,000 பவுண்டு என்ற அப்போதைய விகிதத்தில், அடிப்படைத் தொகையிலேயே 4 லட்சம் பவுண்டு இல்லாமல் போகும். ஆசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் அதே வேகத்தில் குறையாது.

அந்த 4,000 பவுண்டு 2013 முதல் ஏழு கல்வியாண்டுகள் ஒரு பென்னி கூட ஏறாமல் நின்றது. பதினெட்டு வயதானவர்களுக்கு 3,300 என்று குறைக்கவும் செய்தார்கள். விலைவாசி அதற்காகக் காத்திருக்கவில்லை. பள்ளிகள் தாம் கட்டும் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்தும் இந்தக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லை. பெரியவர்களுக்கான கல்வி நிதியும் அந்தப் பத்தாண்டில் பெரிதும் வெட்டப்பட்டது. அதிலும் ஒப்புக்கொண்ட அளவுக்குப் பாடம் நடத்தாவிட்டால் பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இப்படியொரு நெருக்கடியில் எந்தக் கல்லூரித் தலைமையும் வேறு வருமானம் தேடித்தான் ஆக வேண்டும். ஹாட்லோவின் கதையை வெறும் ஊதாரித்தனத்தின் கதையாகச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2014: அண்டைக் கல்லூரி உடைந்தபோது

கென்ட்டில் 2010-இல் இரண்டு கல்லூரிகளை இணைத்து உருவாக்கிய கே கல்லூரி, சில ஆண்டுகளிலேயே கடனில் தத்தளித்தது. 2014-இல் அதைப் பிரித்தார்கள். டோவர், ஃபோக்ஸ்டோன் பக்கம் கிழக்கு கென்ட் கல்லூரிக்குப் போனது. டன்பிரிட்ஜ், ஆஷ்ஃபோர்டு வளாகங்கள் 'வெஸ்ட் கென்ட் அண்டு ஆஷ்ஃபோர்டு கல்லூரி' என்ற பெயரில் ஹாட்லோ குழுமத்துக்குள் வந்தன.

பெயரளவில் அது தனிக் கல்லூரி. தனி நிறுவனம், தனிக் கணக்கு. மேல்மட்ட நிர்வாகம் மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டு தனி நிறுவனங்களை ஒரே நிர்வாகம் நடத்தும்போது, ஒன்று மற்றொன்றுக்குச் செய்யும் சேவைக்கு என்ன விலை, யாருடைய செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதை யார் தீர்மானிப்பது? இரு ஆட்சிக் குழுக்களும் தத்தம் கல்லூரியின் நலனைத் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் தகவல் தருவது ஒரே அலுவலகம் என்றால் அந்தப் பார்வை எளிதில் மங்கிவிடும்.

அதே காலத்தில் குழுமம் கடற்கரை ஊரான டீல் அருகே பெட்ஷாங்கரில் இறங்கியது. 1989-இல் மூடப்பட்ட, கென்ட்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் அது. அந்த நிலத்தைப் பூங்காவாக்கி, பார்வையாளர் மையமும் சுரங்க அருங்காட்சியகமும் அமைத்து, வேலையிழந்த பகுதிக்குப் பிழைப்புத் தேடித் தருவது திட்டம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அதை மனதார எதிர்பார்த்தன. ஆனால் மாணவர் தலைக்கு வரும் பணத்தில் வாழும் ஒரு வேளாண் கல்லூரி, பல ஆண்டுகள் கழித்தே பலன் தரக்கூடிய நில மேம்பாட்டின் பாரத்தையும் சுமக்கத் தொடங்கியது.

யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்

ஒரே நேரத்தில் ஐந்து கண்கள் இருந்தன. ஆட்சிக் குழுவும் அதன் தணிக்கைக் குழுவும் முதல் கண். வெளித் தணிக்கையாளர் இரண்டாவது: ஜூலை 31-இல் முடியும் ஆண்டின் கணக்கை, டிசம்பர் இறுதிக்குள் அரசிடம் போய்ச் சேரும்படி, சரிபார்த்துக் கொடுப்பவர். கல்வி, திறன்களுக்கான நிதி முகமை மூன்றாவது. அது 2017-இல் இரு முகமைகளை இணைத்து அமைக்கப்பட்டது. பணம் கொடுத்ததும் அதுவே, கல்லூரியின் நிதிநிலைக்கு மதிப்பெண் போட்டதும் அதுவே. கற்பித்தலின் தரத்தைப் பார்க்கும் ஆஃப்ஸ்டெட் நான்காவது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது அதன் வேலை இல்லை. 2013-இல் உருவான தொடர்கல்வி ஆணையர் பதவி ஐந்தாவது. ஏதாவது கெட்டுப்போனது என்று தெரிந்தபின் அனுப்பப்படுபவர் அவர்.

நிதிநிலை மதிப்பெண்ணின் உள்ளே மூன்று அளவுகள். குறுகிய காலக் கடனைக் கட்டும் அளவுக்குக் கையில் சொத்து இருக்கிறதா, நடைமுறை வரவு செலவில் மிச்சம் எவ்வளவு, வருமானத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் நூறு, மொத்தம் முந்நூறு. அதிலிருந்து 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரம். எளிமையான, நியாயமான கருவிதான். ஆனால் அதற்குள் போகும் எண்களைத் தருவது கல்லூரியே. அவை முன்கணிப்பாக இருந்தால் நம்பிக்கையும் சேர்ந்தே உள்ளே போகும். தணிக்கை முடிந்த கணக்காக இருந்தால் ஐந்து மாதம் பழையதாக இருக்கும். மார்ச் மாதச் சம்பளத்துக்கு வங்கியில் பணம் இருக்குமா என்ற கேள்விக்கு ஜூலைக் கணக்கு விடை சொல்லாது. பின்தங்கிய எண்ணிக்கையில் பணம் கொடுத்து, அதைவிடப் பின்தங்கிய கணக்கை வைத்து மேற்பார்வை செய்ததுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு என்பது என் முடிவு. ஹாட்லோவில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

2019 தொடக்கம்: ரொக்கம் தீர்ந்தது

அதுவரை நெருக்கடியில் சிக்கிய கல்லூரிக்கு அரசு அவசர உதவி கொடுத்துவந்தது. 2014 நவம்பர் முதல் 2019 மார்ச் வரை 36 கல்லூரிகளுக்கு 25.3 கோடி பவுண்டு இப்படிப் போனதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் கணக்கிட்டது. இந்தக் கதவு மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லூரிகளுக்கான திவால் நடைமுறை 2019 ஜனவரி 31 முதல் நடப்புக்கு வந்தது. சட்டபூர்வ நிறுவனமான ஒரு கல்லூரி திவாலானால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு முன்பு தெளிவான சட்டமே இல்லை.

ஹாட்லோவின் முடை வெளிப்பட்டது இந்த இடைவெளியில்தான். பழைய கதவு மூடிக்கொண்டிருந்தது. புதிய கதவு திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆணையர் உள்ளே வந்தார். உயர் நிர்வாகத்தில் இருந்தவர்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கினர், ஆட்சிக் குழுக்களின் தலைமையும் மாறியது. அண்டைக் கல்லூரிக் குழுமத்தின் தலைவர் இரண்டு கல்லூரிகளையும் தற்காலிகமாக நடத்த ஒப்புக்கொண்டார். தம் சொந்தக் கல்லூரியை நடத்திக்கொண்டே, விழுந்துகொண்டிருக்கும் இரண்டைக் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்த அந்த மனிதரின் உழைப்பை இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் போதுமான அளவு சொல்வதில்லை.

ஆணையர் கண்டது: வெளியிலிருந்து பெருந்தொகை வராமல் கல்லூரி தாக்குப்பிடிக்காது, ஆட்சிக் குழு நிர்வாகத்தை உரிய அளவு கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது குறை பல கல்லூரிகளின் ஆய்வறிக்கைகளில் வரும் வாசகம். மாலை நேரத்தில் வந்து, தடித்த கோப்பைப் புரட்டி, முழுநேர அதிகாரி சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் தன்னார்வலரிடம் நாடு எதிர்பார்ப்பது மிக அதிகம்.

மே 22: நீதிமன்றத்துக்குப் போகும் முடிவு

கல்வி அமைச்சகத்தின் முன் வழிகள் சிலவே. மீண்டும் அவசரப் பணம் தரலாம். அப்படித் தந்தால், இனி தருவதில்லை என்று எல்லாக் கல்லூரிகளிடமும் சொன்ன பேச்சு முதல் சோதனையிலேயே பொய்த்துப்போகும். வேறொரு கல்லூரியோடு அப்படியே இணைக்கலாம். ஆனால் கடனையும் பெட்ஷாங்கர் போன்ற கடப்பாடுகளையும் முழுதாகத் தலையில் ஏற்றிக்கொள்ள எந்த ஆட்சிக் குழு சம்மதிக்கும்? கே கல்லூரியின் சுமையை ஏற்ற ஹாட்லோவுக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மூடிவிடலாம், அப்படியானால் செப்டம்பரில் திரும்பிவர வேண்டிய பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். வேளாண் படிப்புக்கு மாற்றுக் கல்லூரி பக்கத்துத் தெருவில் இருக்காது.

புதிய சட்டம் வேறொரு வழி தந்தது. சாதாரணக் கம்பெனி திவாலானால் நிர்வாகி முதலில் கடன் கொடுத்தவர்களின் நலனைப் பார்ப்பார். கல்லூரிக்கான இந்தச் சிறப்பு நடைமுறையில் அவரது முதல் கடமை, படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் படிப்புக்கு இடையூறு நேராமல் தவிர்ப்பது அல்லது இயன்றவரை குறைப்பது. கல்லூரியை மீட்கலாம், பகுதி பகுதியாக வேறு நிறுவனங்களுக்கு மாற்றலாம், மாணவர்கள் முடிக்கும்வரை நடத்தலாம், வேறிடத்தில் முடிக்க ஏற்பாடு செய்யலாம். இந்த நடைமுறையைக் கேட்டு நீதிமன்றம் செல்லும் உரிமை அரசுக்கே உண்டு. நடைமுறை நடக்கும் காலத்துக்கு அரசு மானியமோ கடனோ தரலாம். பழைய அவசர உதவிக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் இதில் இருக்கிறது. பணம் அப்போதும் பொதுப் பணம்தான். ஆனால் அது பழைய நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கைக்குப் போகிறது, கடன் கொடுத்தவர்களும் இழப்பில் பங்கேற்கிறார்கள்.

அமைச்சகம் அந்த வழியை எடுத்தது. பி.டி.ஓ. என்ற கணக்கியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நிர்வாகிகளாக நியமிக்கப்பட்டனர். ஆகஸ்டில் வெஸ்ட் கென்ட் அண்டு ஆஷ்ஃபோர்டு கல்லூரியும் அதே நடைமுறைக்குள் வந்தது. இரண்டும் ஊழியராலும் நிர்வாகத்தாலும் பின்னிக்கிடந்ததால் ஒன்றை மட்டும் பிரித்துக் காப்பாற்றுவது நடைமுறையில் கடினம். அந்த நிலையில் இது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

வகுப்பு நடந்தது, கல்லூரி கலைந்தது

தொழிற்சாலை திவாலானால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். ஹாட்லோவில் பசுவுக்குத் தீவனம் வைக்க வேண்டும், குதிரை லாயம் கழுவ வேண்டும், கண்ணாடிக் குடிலில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நகரத்துக் கணக்காளர்கள் பொறுப்பேற்றது ஓடிக்கொண்டிருக்கும் பண்ணையை. ஊழியர்கள் நாளை வேலை உண்டா என்று தெரியாமலேயே பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் தேர்வெழுதினார்கள். சட்டம் சொன்ன முதல் நோக்கம் நிறைவேறியது.

பிறகு இடவாரியாகப் பிரித்தார்கள். ஆஷ்ஃபோர்டு கிழக்கு கென்ட் குழுமத்துக்குப் போனது. ஹாட்லோ வளாகமும் டன்பிரிட்ஜும் வடக்கு கென்ட் கல்லூரியிடம் சேர்ந்தன. தென்கிழக்கு லண்டனில் மோட்டிங்ஹாமில் இருந்த வளாகத்தை, லண்டனின் வேளாண் கல்லூரியான கேப்பல் மேனர் எடுத்துக்கொண்டது. பெட்ஷாங்கர் நிலத்தை ஒரு தனியார் நில மேம்பாட்டு நிறுவனம் வாங்கியது. 2020 முடிவதற்குள் இந்த மாற்றங்கள் முடிந்தன. ஹாட்லோவில் இன்றும் வேளாண்மை கற்பிக்கிறார்கள், ஆனால் 1993-இல் பிறந்த அந்தத் தனி நிறுவனம் இப்போது இல்லை.

யார் இழந்தார்கள் என்றால், வரிப்பணம் இழந்தது. ஈடு வாங்காமல் கடன் கொடுத்த சிறு வணிகர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். கல்லூரியை அரசாங்கம்போல நம்பிக் கடனுக்குப் பொருள் கொடுக்கும் உள்ளூர்க் கடைக்காரர்களை இந்தச் சட்டம் தனியாகப் பாதுகாப்பதில்லை.

ஆய்வுகள் சொன்னவை

2019 ஆகஸ்டில் அமைச்சகம் மேரி நேய் என்ற முன்னாள் உள்ளூராட்சித் தலைமை அதிகாரியிடம் கல்லூரிகளின் நிதி மேற்பார்வை பற்றி ஆராயும் பொறுப்பைக் கொடுத்தது. 2020 ஜூலையில் அறிக்கை வந்தது. விழுந்தபின் தூக்குவதற்கே மேற்பார்வை அமைப்பு பழகிவிட்டது, எல்லாக் கல்லூரிகளோடும் முன்கூட்டியே ஒழுங்கான உறவு வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்துதான் ஒவ்வொரு கல்லூரியோடும் ஆண்டுதோறும் நடக்கும் 'உத்திசார் உரையாடல்' பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை இன்னும் பெரிய படத்தைக் காட்டியது: 2020 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கல்லூரிகளில் ஏறக்குறையப் பாதியில், நிதிச் சிக்கலைத் தடுக்கவோ தீர்க்கவோ அரசு தலையிட்டுக்கொண்டிருந்தது. பாதிக் கல்லூரிகள் ஒரே நேரத்தில் நோய்ப்பட்டிருக்கும்போது ஒவ்வொரு கல்லூரியின் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது.

அதன்பின் மாறியவை

தலைக்கான விகிதம் 2020-இல் 4,188 பவுண்டானது. பிறகு படிப்படியாக உயர்ந்து 2024-25-இல் 4,843-ஐத் தொட்டது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளில் தலையிடும் அமைச்சரின் அதிகாரத்தை விரிவாக்கியது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் கல்லூரிகளை மத்திய அரசுத் துறையின் பகுதியாக வகைப்படுத்தியது. ஒரே நாளில் கல்லூரிகள் பொதுப்பண விதிகளுக்குள் வந்தன. வங்கியில் புதுக் கடன் வாங்க இப்போது அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். இந்த விதிகளைத் தொகுத்த கல்லூரி நிதிக் கையேடு 2024 ஆகஸ்டு 1 முதல் நடப்பில் இருக்கிறது. கண்காணித்த முகமை 2025 மார்ச் 31-இல் மூடப்பட்டு அதன் வேலை அமைச்சகத்துக்குள்ளேயே போனது.

இந்த விதிகள் 2014-இல் இருந்திருந்தால் பெட்ஷாங்கர் போன்ற முயற்சிக்குக் கடன் வாங்குமுன் வெளியார் ஒருவர் கேள்வி கேட்டிருப்பார். அது நல்ல மாற்றம். அதற்கு விலையும் உண்டு: கூரையைப் பழுதுபார்க்கச் சிறு கடன் வாங்கக்கூட லண்டனின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை ஒழுங்காக நடக்கும் கல்லூரிகளுக்கும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இன்னும் மாற வேண்டியவை

ஆண்டுக் கணக்கைவிட ரொக்க ஓட்டத்துக்கு முதலிடம் தர வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வங்கியிருப்பு எந்த மாதம் மிகக் கீழே இறங்கும் என்ற ஒரு வரி, ஒவ்வொரு ஆட்சிக் குழுக் கூட்டத்திலும் முதல் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த வரி வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று நிர்வாகத்தைச் சாராத ஒருவர் பார்க்க வேண்டும்.

ஒரே நிர்வாகம் இரண்டு நிறுவனங்களை நடத்தும் ஏற்பாடு எங்கே இருந்தாலும், அவற்றுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை வெளித் தணிக்கையாளர் தனியாக ஆராய்ந்து இரு குழுக்களுக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டும். விழுந்த கல்லூரியின் வளாகங்களை அண்டைக் கல்லூரியிடம் ஒப்படைக்கும்போது, ஏற்பவரின் நிதிநிலையை முதல் மூன்று ஆண்டுகளாவது அரசு மாதாமாதம் பார்க்க வேண்டும். கென்ட்டில் 2014-இல் மீட்க வந்த கல்லூரியே 2019-இல் மீட்கப்பட வேண்டியதானது.

ஆட்சிக் குழுவில் கணக்கு தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்க, குறைந்தது தணிக்கைக் குழுத் தலைவருக்காவது ஊதியம் தர வேண்டும் என்பதே என் கருத்து. கோடிக்கணக்கான பவுண்டு பொதுப்பணத்துக்குப் பதில் சொல்லும் அந்த வேலையை இன்றும் பெரும்பாலான கல்லூரிகளில் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள்.